கட்டையடி வாசனை

"மேடம், இங்க இன்னாவோ செத்துக் கெடக்குது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டான் என் மாணவன்.

எதுவும் சாகவில்லை. கல்லூரியின் உலர்தாவரச் சேகரிப்புக்காக நாங்கள் தேடி வந்த நாற்றக் காளான், தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில், தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், சுரங்கத்தில் முட்டுக் கொடுத்து மக்கிப்போன கட்டையின் அடியில் முளைத்திருந்தது.

அதே கட்டை, அதே பிண நாற்றம். அப்போது நான் சிறுமி. சுரங்கத்தில் பாறை வெடித்து அப்பா செத்துப்போனார். உடலை மேலே கொண்டுவர முடியவில்லை. அடுத்துப் பெய்த மழையில் இந்த நாற்றம் கிளம்பியது. செத்த எலியாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு மாமா மண்வெட்டியோடு வந்தார். அம்மா குறுக்கே நின்றாள்.

"தோண்டாதீங்கண்ணா. அவுருதான் கீழேர்ந்து வர்றாரு."

எங்கள் காலுக்கு அடியில்தானே சுரங்கம். மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். ஷிப்டு முடிகிற சங்கு ஊதியதும், அம்மா அப்பாவுக்கான டீயைக் கட்டையருகே வைத்தாள். சிவந்த காளானில் ஈக்கள் மொய்த்தன.

அது வெறும் காளான் என்று படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் நான் அவளிடம் சொன்னதில்லை.

மாணவன் கத்தியை எடுத்தான்.

"இது வேணாம்பா. வேற எடத்துல பாக்கலாம்" என்றேன்.

பின்கதவைத் திறந்து அம்மா டீ கொண்டுவந்தாள். அவள் டீ குடிப்பதில்லை. தட்டில் மூன்று கிளாஸ்கள் இருந்தன.