ஸ்டொப் என்றதும் போட்ட பிரேக்

அன்று அந்த அறைக்குள் ஏழு பேர் இருந்தோம். வவுனியாவிலிருந்து வந்து படம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ரீச்சர், நான் ஓடும் பள்ளிக்கூட வானில் போய்வரும் உயர்தர வகுப்புப் பெண்பிள்ளைகள் ஐந்து பேர், பிறகு நான். சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை, கிளிநொச்சியில் ஒரு படிப்பகத்தின் பின்பக்கச் சாமான் அறை. யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து அதை இருட்டறை ஆக்கியிருந்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வானுக்குள் இருப்பதுதான் என் வேலை. முதல் வகுப்பன்றே ரீச்சர் வெளியே வந்து, "அண்ணா, வெய்யிலுக்க கிடந்து என்ன செய்யிறியள்? உள்ளுக்க வந்து நீங்களும் பழகுங்கோ" என்றார். ஏதாவது கேள்வி கேட்டால் என்ன செய்வது, பிள்ளைகளுக்கு முன்னால் மானம் போனால் திங்கட்கிழமை எப்படி வான் ஓடுவது என்று யோசித்து யோசித்தே உள்ளே போனேன்.

நெகட்டிவ் என்ற சொல்லை நான் அதுவரை இரத்தம் சோதித்த றிப்போட்டில்தான் கண்டிருக்கிறேன். அதனால் "உங்கட நெகட்டிவ் நல்லா வந்திருக்கு அண்ணா" என்று ரீச்சர் சொன்ன நாள், "அப்பாடா, கடவுளே" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்து முடியக் கனநேரம் எடுத்தது. படம் கழுவுவது என்று நாங்கள் ஒரே சொல்லில் முடிக்கிற வேலைக்கு அங்கே நான்கு தட்டுகள் இருந்தன. படத்தை வரவைக்கிற டெவலப்பர், வந்தது போதும் என்று நிறுத்துகிற ஸ்டொப், வந்த படம் அழியாமல் நிற்கவைக்கிற ஃபிக்சர், கடைசியில் வெறும் தண்ணீர். இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வானின் வெயில் மறைப்பில் செருகி, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் நேரமெல்லாம் பாடமாக்கினேன்.

இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் என் மனைவி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் கண் திறந்திருக்கிற படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அடையாள அட்டையில் மட்டும் திறந்திருக்கும், அதுவும் பேயைக் கண்டதுபோல. ரீச்சர் தந்த கமராவில் எனக்கு ஆறு படம் எடுக்கக் கிடைத்தது. ஐந்திலும் மூடிவிட்டாள். ஆறாவது எடுக்கப் போன நேரம் கோழி ஒன்று குசினிக்குள் புகுந்து மாச் சுளகில் ஏறியது. அவள் அதைப் பார்த்துச் சிரிக்க, நான் ஒன்றும் சொல்லாமல் அழுத்திவிட்டேன். அந்த நெகட்டிவைப் பூதக்கண்ணாடியால் பார்த்த ரீச்சர், கண் திறந்திருக்கிறது என்றார்.

இருட்டறைக்குள் நாங்கள் நின்ற அன்றுதான் கடைசி வகுப்பு. படத்தைப் பெரிதாக்குகிற இயந்திரம் இரவல். பின்னேரம் திரும்பிப் போய்விடும். வெள்ளை வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகிற படக் கடதாசி ஆளுக்கு ஒன்று. எத்தனை செக்கன் வெளிச்சம் காட்டவேண்டும் என்று பார்க்க, இரண்டு விரல் அகலத்தில் ஆளுக்கொரு சோதனைத் துண்டு. அவ்வளவுதான் இருந்தது.

என் முறை ஐந்தாவது. துண்டில் பார்த்தபோது பன்னிரண்டு செக்கன் சரியாக இருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் கடதாசியை டெவலப்பருக்குள் போட்டுத் தட்டை மெல்ல ஆட்டினேன். முதலில் தலைமயிர் வந்தது. பிறகு புருவம். பிறகு கண். திறந்த கண்! அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"ஸ்டொப்! அண்ணா, ஸ்டொப்!" என்றார் ரீச்சர். அடுத்த தட்டுக்கு மாற்றச் சொல்கிறார்.

பதினாறு வருடம் வான் ஓடியவன் நான். ஸ்டொப் என்று யாராவது சொன்னால் காதுக்கு முதல் வலது காலுக்குக் கேட்கும். கால் ஓங்கி மிதித்தது. மிதித்த இடத்தில், நிலத்தில், முடிந்த படங்களைப் பார்க்கிற வெள்ளை பல்பின் சுவிச் கிடந்தது. அறை பளிச்சென்றது. "ஐயோ மாமா!" என்று ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ரீச்சர் பாய்ந்து நிறுத்துவதற்குள் என் மனைவியின் முகம் கரிச்சட்டி அடிபோலக் கறுத்துவிட்டது.

நல்ல காலம், கடைசிப் பிள்ளையின் கடதாசியும் துண்டும் பெட்டிக்குள் மூடியிருந்தன. அவை கெட்டுப்போகவில்லையே என்று மூன்று தரம் கேட்டேன்.

"மாமாட பிரேக் திறம். அம்மாட்டச் சொல்லுறன், பயமில்லாமல் வானில விடலாமெண்டு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கடைசிப் பிள்ளை, வானில் பின் இருக்கையில் வாயே திறக்காதவள், தன் சோதனைத் துண்டை எடுத்து நீட்டினாள். "மாமா, உங்களுக்குக் கண்தானே வேணும்? அதுக்கு இது போதும்."

"அப்ப உனக்கு? ஒரேயொரு கடதாசி, பிள்ளை. பிழையாப் போனால்?"

"உங்கட பன்னிரண்டு செக்கனிலயே நானும் போடுறன். பிழையாப் போனால் ரெண்டு பேரும் கறுப்புப் படத்தை மாட்டுவம்."

ரீச்சர் என்னைக் கதிரையில் சம்மணம் கட்டி இருத்தித்தான் இரண்டாம் தரம் படம் கழுவ விட்டார். துண்டில் புருவம், இரண்டு கண், மூக்கின் பாதி. அந்தப் பிள்ளை எடுத்த படம், மழை பெய்த வயலில் நிற்கும் உழவு இயந்திரம், சோதனை பார்க்காமலே ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அது வரும்வரை நான் சம்மணத்தை அவிழ்க்கவில்லை.

வீட்டில் துண்டைக் கொடுத்தேன். "இது நானோ?" என்று மனைவி வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஏன் திறந்திருக்குத் தெரியுமே? அண்டைக்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தியள். ஒவ்வொரு தரமும் 'மூடிப்போடாதை, மூடிப்போடாதை' எண்டு கத்தினால் ஆருக்குத்தான் கண் மூடாது?"

எங்கே பிழை வந்துவிடுமோ என்ற என் பயம் பன்னிரண்டு வருடமாக எனக்குள் மட்டும் இருப்பதாக நினைத்திருந்தேன்; அதுதான் அவள் கண்ணை மூடவைத்திருக்கிறது. பயம் இன்றைக்கும் போகவில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லுமுன் ஒரு மூச்சு பொறுக்கிறேன், அந்த ஒரு மூச்சுக்குள் எதிரில் நிற்பவர்களின் முகம் எவ்வளவு வடிவாக விரிகிறது என்று இப்போதுதான் பார்க்கப் பழகுகிறேன்.