பயம் புறப்படும் பக்கம்

எனக்கு வலிப்பு வருமுன் பயம் வரும். எதையும் பார்த்தல்ல, சும்மா. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஏறி நெஞ்சை அடைக்கும். யாரோ கொல்ல வருவதுபோல உடம்பு பதறும். அதற்குப் பிறகு நடப்பது எனக்குத் தெரியாது. கண் நிலைகுத்தி நிற்குமாம், வாய் எதையோ மெல்லுமாம், கை துணியைப் பிசையுமாம். கீழே விழுந்து துடித்தால்தானே ஊருக்கு வலிப்பு! தேவராஜ மொஹல்லாவில் நான் வேலை பார்க்கும் சேலைக்கடையில், விலை கேட்டால் வாய் திறக்காத திமிர் பிடித்தவள் என்று ஓர் அம்மாள் முதலாளியிடமே போய்ச் சொன்னார்.

மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. மூளையில் அது தொடங்கும் இடத்தை அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். எம்ஆர்ஐ படத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. வலது என்றால் துணிந்து கை வைக்கலாம். இடது பெரும்பாலும் பேச்சுக்கான பக்கம், ரொம்ப யோசிக்க வேண்டும் என்றார். நாள் முழுக்கப் பேசிப் பேசியே சேலை விற்பவள் நான். வீட்டுத் தமிழும் கடைக் கன்னடமும் போய்விட்டால் என்னிடம் மிச்சம் என்ன?

வழி ஒன்று இருந்தது. வலிப்பு தொடங்கியதுமே ஒரு மருந்தை நரம்பில் ஏற்றிவிட வேண்டும். அப்போது மூளையில் ரத்தம் எங்கே அதிகம் பாய்கிறதோ அங்கே அது போய்த் தங்கும். பிறகு நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்காக என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரையைக் குறைத்து, தலை முழுக்க ஒயர் ஒட்டினார்கள். நர்ஸ் ஊசியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வராதே, வராதே என்று இத்தனை வருஷம் அம்மனிடம் கெஞ்சியவள், இப்போது வந்து தொலையேன் என்று படுத்துக்கிடந்தேன். தொடங்குவது தெரிந்தால் அழுத்தச் சொல்லிக் கையில் ஒரு பெல் கொடுத்திருந்தார்கள்.

எனக்குத் தொடங்குவதே பயம்தான். அந்த அறையில் பயத்தைத் தவிர வேறென்ன இருந்தது?

அழுத்தினேன். நர்ஸ் பதறி எழுந்தார். கம்ப்யூட்டரில் மூளையின் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன், "பேடா, பேடா" என்று ஊசி போட வேண்டாமெனத் தடுத்தார். கோடுகளில் எந்த மாற்றமும் இல்லையாம்.

"சும்னே பயானா அக்கா?" என்று நர்ஸ் கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். சும்மாப் பயம்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் ஒன்றுமில்லை. எனக்கு மானம் போயிற்று. என் பயத்தில் எது நோய், எது நான் என்று எனக்கே தெரியவில்லை என்பதை நினைத்தபோது இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த தடவை அது ஏறி வந்தபோது பெல்லைத் தொடவில்லை. இதுவும் என் தொடைநடுக்கம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கண் தெளிந்தபோது என் கணவர் முகம் வெளிறி நின்றார். கொள்ளேகாலத்துக்காரர், லேசில் அசரமாட்டார்.

"போர்வையப் பிசைய ஆரம்பிச்சுட்ட அம்மிணி. நாங் கத்துன கத்துல அந்தப் புள்ள ஊசியப் போட்டுருச்சு" என்றார்.

"நேரத்துக்குப் போட்டாங்களாங்க?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார்.

மறுநாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். நீலமும் பச்சையுமாக என் மூளை. அதில் ஒரே இடத்தில் மட்டும் சிவப்பு, காய்ந்த மிளகாய் நிறத்தில். அது இடது பக்கம் இருந்தது.

இடது. பேச்சு போச்சு. என் கணவர் டாக்டரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் மனதுக்குள் அவசர அவசரமாகச் சேலைகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. இன்னும் எத்தனை நாளைக்கு?

"வலது," என்றார் டாக்டர்.

நான் திரையைக் கை காட்டினேன்.

"எதிரே நின்று பார்ப்பதுபோலத்தான் இந்தப் படம் இருக்கும் அம்மா. திரையில் இடது என்றால் உங்களுக்கு வலது." பிறகு அந்தச் சிவப்பைத் தொட்டுக் காட்டி, "அந்தப் பயமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் வலிப்போடு அதுவும் நின்றுவிடும் என்று நம்புகிறோம்" என்றார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வெளியே வந்தோம். விஜயநகர் பஸ்ஸுக்காக நின்றபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. மண்டையைத் திறக்கப் போகிறார்கள். அவர் என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று கையைப் பிடித்தார்.

"வருதா அம்மிணி?"

காத்திருந்து பார்த்தேன். எதிரே நின்ற ஆட்டோ ஆட்டோவாகவே இருந்தது, நானும் அங்கேயே இருந்தேன். பயம் மட்டும் போகவில்லை.

"இல்லைங்க. இது வெறும் பயம்தான்."

அவர் கையை விடவில்லை. "எனக்கும் அதுதான்" என்றார்.