கவரைப்பேட்டை வயலில் மூடிக் கிடந்த பெட்ரோல் குழாய்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஐப்பசி அடைமழைக்கு நடுவே நான் கவரைப்பேட்டைக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. நான் மெக்கானிக்காக இருந்த பறக்கும் கிளப்பின் பயிற்சி விமானம், முந்தைய நாள் காலை இன்ஜின் படுத்துப்போய், அங்கே ஒரு வயலில் மூக்கு நசுங்கிக் கிடந்தது. ஓட்டிய சேகருக்கு இருபத்து மூன்று வயது. சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சேதி கேட்டு வயலுக்கு ஓடிய கிளப் ஆட்கள் விமானத்துக்குள்ளே பெட்ரோல் குழாய் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, கை தவறி நீதான் மூடியிருக்கிறாய் என்று அவனிடமே சொல்லித் தொலைத்தார்கள். அவனுக்கோ எதுவும் நினைவில்லை.

விசாரணை அதிகாரியோடு சென்ட்ரலில் காலை 7.10 பாசஞ்சர் பிடித்தேன். டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு. 8.50க்குக் கவரைப்பேட்டை. வயலுக்கு மூன்று மைல், மாட்டு வண்டிக்கு இரண்டு ரூபாய். வண்டிக்காரர் விமானம் விழுந்த கதையை வழி நெடுகச் சொன்னார். அன்று அவர் ஊரிலேயே இல்லை என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

அதிகாரி குழாயைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். பதினொன்றரைக்கு அவர் சக்கரத் தடத்தை அளக்கப் போனார். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பக்கத்துப் பம்புசெட்டுக்குப் போனேன். வயல்காரர் முனுசாமி அங்கே இருந்தார். சேகரை வெளியே இழுத்துப் போட்டவர் அவர்தான்.

“பெட்ரோல் வாடை தூக்குச்சு சார். பம்புசெட்டு மக்கர் பண்ணா மொதல்ல குழாயத்தான மூடுவோம்? உள்ள செவப்புப் பிடி ஒண்ணு இருந்துச்சு, நாந்தான் திருப்பி மூடிட்டேன். தீ புடிச்சிக்கினா இன்னா பண்றது?”

குழாய் திறந்திருந்தால் இன்ஜின் ஏன் நின்றது? திரும்பி வந்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் நின்றது. பறக்கும் முன் டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அன்று மழையில் நனையச் சோம்பல்பட்டு, பார்த்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டிருந்தேன்.

சொன்னால் வேலை போகும். வீட்டில் ஐந்து வயிறு. கிண்ணத்தை அப்படியே திரும்ப மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஸ்டேஷன் பக்கத்தில் எழுபத்தைந்து காசுச் சாப்பாடு, ஒரு வாய்கூட இறங்கவில்லை. 3.40 ரயிலில் ஏறி, மீஞ்சூர் தாண்டிய பிறகுதான் அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. நோட்டைத் திறந்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டில் காலி. நாலு மணிக்குப் போய்விட்டான் என்றார் சேகரின் அண்ணன்.

“கடைசி வரிக்கும் ஒண்ணுதான் கேட்டுக்கினே இருந்தான். நானா மூடினேன், நானா மூடினேன்னு. எங்களுக்கு இன்னா தெரியும்?”

அறிக்கை சரியாகவே வந்தது. என் லைசென்ஸ் போனது, போக வேண்டியதுதான். அந்த வயல் இப்போது ஓர் ஆலையின் மதிலுக்குள் இருக்கிறது, தேடிப் போகாதீர்கள். ஆனால் இப்படியொரு விசாரணைக்குப் போக நேர்ந்தால், முதலில் ஓடி வந்தவர் எதைத் தொட்டார் என்று கேளுங்கள். தெரிந்ததை அங்கேயே சொல்லிவிடுங்கள். கவரைப்பேட்டை போஸ்ட் ஆபீஸில் அன்று போன் இருந்தது. ஒரு மணிக்கு நான் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போனேன்.