இடப்பக்கம் இருந்த அமினோ தொகுதி

சில வருடங்களுக்கு முன்பு, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் நடந்தது இது. நான் வீட்டில் வேதியியல் டியூஷன் எடுக்கிறவள். கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்று என் மாணவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

எங்கள் பிள்ளைகளுக்கு அமினோ அமிலங்களின் அமைப்பை வரைவதென்றால் உதறல். கார்பாக்சில் தொகுதி மேலே, பக்கச்சங்கிலி கீழே, அமினோ தொகுதி இடப்பக்கம், ஹைட்ரஜன் வலப்பக்கம். அவ்வளவுதான் விஷயம், ஆனால் பாதிப் பேர் இடத்தை மாற்றிப் போடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் நானே வரைந்து, ஒரு சிறு புத்தகமாக அச்சடிக்கக் கொடுத்திருந்தேன். புரூப் பார்த்துச் சரி சொன்னதும் நான்தான். மறுநாள் காலை வகுப்பில் கொடுப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லியும் விட்டேன். ராத்திரி உட்கார்ந்து அதை வைத்துத்தான் அவர்கள் படிப்பார்கள்.

வாங்கப் போன இடத்தில் ஒன்றைப் பிரித்தேன். விரித்தால் வலப்பக்கம் வரும் தாள்களில் எல்லாம் சரி. இடப்பக்கத் தாள்களில் இருந்த அத்தனை படங்களும் தப்பு. அமினோ தொகுதி வலப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. கிளைசீன் மட்டும் தப்பித்தது, அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக விளக்கினார். அவர் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடைத் திருவிழா நோட்டீசும் அடிக்கிறவர். படம் எதுவானாலும் புத்தகத்தின் உள்பக்கம் பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது என்பது அவர் தொழிலில் வழக்கம்.

“இடது பக்கத் தாள்ல அந்த நீளமான கை வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு டீச்சர். லட்சணமா இல்ல. அதான் புரூப் பாத்த பொறவு, கடைசில உள்ளுக்குத் திருப்பி, எழுத்தையெல்லாம் புதுசா அடிச்சுப் போட்டேன்.”

பாராட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. நான் கத்தினேன். அவருக்குப் புரியவில்லை.

“என்ன டீச்சர் சொல்லுதீய? அதே எழுத்து, அதே கோடு. பக்கம் மாறுனா என்ன?”

மார்க் போய்விடும் என்றேன். அது அவருக்குப் பெரிய காரணமாகப் படவில்லை. ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது என்று என் இரண்டு கைகளையும் காட்டினேன், அதுவும் எடுபடவில்லை. அப்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத் தாள் கண்ணில் பட்டது. சங்குக் கடை ஒன்றுக்கு அவரே அடித்துக் கொடுத்தது.

“அண்ணாச்சி, இடம்புரிச் சங்கு போட்டோவ இப்படித் திருப்பிப் போடுவீயளா?”

“அதெப்படி? அது வலம்புரியாத் தெரியும்லா. நம்பி வாங்க வாரவன் என் சட்டையப் பிடிப்பான்.”

“இதுவும் அப்படித்தான்.”

அவர் புத்தகத்தை வாங்கி ஒரு படத்தை விரலால் மறைத்து மறைத்துப் பார்த்தார். “வெறும் கோடுன்னுலா நெனச்சேன்” என்றார். மெஷினில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகையை நிறுத்தினார். ஸ்டேப்ளர் பின் அடித்திருந்த புத்தகங்களைப் பிரித்து, தப்பான தாள்களை மட்டும் திரும்ப அடிக்கத் தொடங்கினார். நானும் உட்கார்ந்து பின் பிடுங்கினேன். கத்தியதற்கு வெட்கமாக இருந்தது.

முதல் தாள் காய்ந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

“நம்ம ஒடம்புல இருக்கதும் இந்தப் பக்கந்தானா டீச்சர்?”

“புரதத்துல இருக்கது இதுதான். மீனு, பனை, மனுசன் எல்லாத்துக்கும்.”

“ஏன், மத்தப் பக்கம் இருந்தா ஆகாதா?”

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் என்னிடம் ரெடியாக ஒரு பதில் உண்டு. பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார். எனக்காக வேலையை நிறுத்திவிட்டு நிற்கிற மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“தெரியல அண்ணாச்சி. ஆராய்ச்சி பண்ணுதவங்களுக்கே இன்னும் உறுதியாத் தெரியல.”

எனக்கு என்னவோ கூசியது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

“இம்புட்டுச் சின்னதுக்குள்ள யாருக்கும் தெரியாதது இருக்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் அலனின் வரைந்து முடித்ததும், இது ஏன் இந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பிள்ளைகள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒருநாளும் வாய் திறக்காத தருவைகுளத்துப் பெண் கேள்வி கேட்கக் கையைத் தூக்கினாள். இப்போதும் வருடா வருடம் அதைச் சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் நான் எதிர்பார்க்காத ஒரு கை மேலே வருகிறது, அதற்காகவே அந்தப் பாடத்தை எடுக்கப் பிடித்திருக்கிறது.