ஐம்பத்தைந்து நிமிடம்

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. ரோட்டுக்கு ஏற நாற்பத்திரண்டு படி. காலை ஏழேகால் பஸ் வளைவில் திரும்பும்போது டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அது என் அம்மாவுக்கான ஹாரன். அம்மா கீழேயிருந்து "வர்றேனுங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பஸ் நிற்கும். அவர் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, முட்டியில் கையை ஊன்றி, நாற்பத்திரண்டு படியும் ஏறி வரும்வரை நிற்கும். ஏற்காட்டைச் சுற்றி வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் இதுதான் பழக்கம். மேலிருந்து கீழே ஒரு சத்தம், கீழிருந்து மேலே ஒரு சத்தம், அவ்வளவுதான் எங்கள் டைம் டேபிள்.

டூரிஸ்ட் யாராவது கடிகாரத்தைப் பார்த்து முனகினால் கண்டக்டர் சும்மா விடமாட்டார். "ஏனுங்க, அந்தம்மா எஸ்டேட்டுக்குக் காப்பிக்கொட்டை பொறுக்கப் போகோணும். நீங்க ஏரி பாக்கப் போறீங்க. ஏரி எங்கீங்க ஓடிப்போகுது?" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

நான் டிக்கெட் கடைக்காரன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்திருக்கிறேன். பஸ், ரயில், விமானம் எல்லாம் என் கையால்தான் போகும். வாழ்நாளில் ஒருமுறைகூட நான் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லாத புத்திமதி கிடையாது. எஸ்டேட் முதலாளி வீட்டு ஆட்களைக்கூட உட்காரவைத்து, "ஒரு விமானத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மூணு மணி நேரமாவது இருக்கோணுமுங்க, நொம்ப நெருக்கி வெக்காதீங்க" என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த மண்டைக்கனம்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

விமானக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதை நான் வானத்தில் பார்க்கவில்லை, திரையில் பார்த்தேன். முன்பெல்லாம் இரண்டு ஊர்ப் பெயரை அடித்தால் வரிசையாக வந்து விழும், விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். பிறகு ஒன்று மூடியது. இரண்டு ஒன்றாகின. அதை இன்னொன்று வாங்கியது. வரிசை குட்டையாகிக்கொண்டே வந்தது. முதலில் சாப்பாடு போனது. பெட்டிக்கு எடை குறைந்தது. ஜன்னலோரம் உட்காரத் தனிக் காசு கேட்டார்கள். போனை எடுத்துப் பேச இருந்த பெண்கள் போய், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு இயந்திரம் வந்தது. "இன்னும் கொஞ்ச நாள்ல பஸ்ஸு மாதிரி கம்பியப் புடிச்சிட்டு நின்னுட்டே போகச் சொல்லுவானுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் கிண்டலடித்துக்கொண்டு இருந்தேன். நம் வீட்டுக்கு வராதவரை எல்லாம் கிண்டல்தான்.

என் தங்கை வடகிழக்கில் ஒரு மலை ஊரில், மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், அவளுக்கு நாற்பது வயதாகிறது. அங்கிருந்து வரவேண்டுமென்றால் ஒரு சின்ன விமானத்தில் கொல்கத்தா, அங்கே மாறி பெங்களூர், பிறகு பஸ்ஸில் சேலம், அடிவாரம், மலை. அந்தச் சின்ன ஊருக்கு முன்பு இரண்டு கம்பெனிகள் பறந்தன, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. இரண்டும் இணைந்த பிறகு காலை விமானத்தை நிறுத்திவிட்டார்கள்.

சென்ற அக்டோபரில் அம்மாவின் காலில் காப்பிச் செடியைக் கவாத்து செய்து வெட்டிப்போட்ட குச்சி ஒன்று குத்தியது. சர்க்கரை உடம்பு. வலிக்கவில்லை என்று மஞ்சளை அரைத்துப் போட்டுக்கொண்டு பத்து நாள் எங்களிடம் மறைத்திருக்கிறார். வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சேலத்தில் டாக்டர் பார்த்தார். "ரெண்டு விரல் எடுக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டுவந்து சேர்த்துடுங்க. அதுக்கு மேல தள்ளினா காலு உங்க கையில இல்ல" என்றார். இரண்டு விரல். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய காரியத்துக்கு வாசலைத் தாண்டும்முன் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் கூடி, போகிறவர் தலைமேல் கைவைத்து ஜெபிக்க வேண்டும். அப்பாவுக்கு மட்டும் அது தவறியது. வயிற்று ஆபரேஷனுக்கு அவசரமாக ஜீப்பில் கொண்டுபோனோம், பாப்பா அப்போது ஹாஸ்டலில் இருந்தாள். அப்பா ஆபரேஷன் தியேட்டரிலேயே போய்விட்டார். அதனால் அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "உங்கப்பாவும் இப்படித்தான் அவசரமா எறங்கிப் போனாரு. ஏறி வரல. பாப்பா வரட்டும் சாமி. ரெண்டு பேரும் கைவெச்சு ஜெபம் பண்ணுங்க, அப்புறம் நான் போறேன்."

சரி என்று கடைக்குப் போய் உட்கார்ந்தேன். திரையில் சனிக்கிழமைக்கு இரண்டு வழி காட்டியது. ஒன்றில் கொல்கத்தாவில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும், பாப்பா ஞாயிறு மத்தியானம் வீடு வந்து சேர்வாள். நான்கு சீட் மிச்சம் இருந்தது. இன்னொன்றில் ஐம்பத்தைந்து நிமிடம்தான், ஞாயிறு விடிந்ததும் வந்துவிடுவாள். என் பழைய பாடம் ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் இந்த இரண்டாவது வழியில், முதல் விமானம் ஒரு கம்பெனியுடையது, அடுத்தது அவர்களோடு இணைந்த கம்பெனியுடையது. இப்போது இரண்டும் ஒன்று.

இங்கேதான் என் மலைப் புத்தி வேலை செய்தது. சேலம் பஸ் வந்து நிற்கும் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஜீப்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் பஸ் கண்டக்டருக்கும் ஒரு காலத்தில் ஆகாது. பஸ் வளைவில் தெரிந்தாலே ஜீப்பைக் கிளப்பிவிடுவார், இறங்கியவர்கள் மூட்டையோடு நடக்க வேண்டியதுதான். பிறகு இவர் மகளை அவர் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து பஸ் எத்தனை தாமதமானாலும் ஜீப் நிற்கிறது. மலையே அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டது. நான் அம்மாவிடம் டிக்கெட் விஷயத்தைச் சொன்னபோது அம்மாவும் அதையேதான் சொன்னார். "ரெண்டு கம்பெனியும் ஒண்ணாயிருச்சுன்னா நல்லதுதானே கண்ணு. சம்பந்தி வண்டி. ஒருத்தனுக்கு ஒருத்தன் நிப்பான்."

என் மனைவிதான் அடுப்படியிலிருந்து, "அத்தையக் கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துருங்க, பாப்பா நேரா ஆஸ்பத்திரிக்கு வரட்டும்" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐம்பத்தைந்து நிமிடத்தை அமுக்கினேன். 'உறுதி செய்யப்பட்டது' என்று பச்சையில் வந்தது.

சனிக்கிழமை அந்தச் சின்ன விமானம் வந்ததே தாமதம். ஒரே விமானம் காலையிலிருந்து நான்கு ஊர் சுற்றிவிட்டு இவளை ஏற்ற வருகிறது, ஓர் ஊரில் பத்து நிமிடம் பிந்தினால் கடைசி ஊரில் நாற்பது. கொல்கத்தாவில் இறங்கியபோது அவள் கையில் பதினைந்து நிமிடம் இருந்தது. ஓடியிருக்கிறாள். கதவை மூடிவிட்டார்கள்.

அங்கேயிருந்து போன் செய்தாள். "அண்ணா, பிளேன் நின்னுட்டுத்தாண்ணா இருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்கு நல்லாத் தெரியுது. கதவத் தொறக்க மாட்டேங்கிறாங்க."

"உங்க கம்பெனி விமானத்துலதானே வந்தேன், உங்களாலதானே லேட்டுன்னு சொல்லு."

"சொல்லிட்டேண்ணா. அது வேற பிளேன், இது வேற பிளேன்னு சொல்றாங்க. இது நேரத்துக்குக் கிளம்பலைன்னா அவங்க வேலைக்கு ஆபத்தாம். அந்தப் பொண்ணு பாவம், அவளே அழுகற மாதிரி நிக்கிறா."

அந்த விமானம் பத்து நிமிடம் அவள் கண்ணெதிரே நின்றுவிட்டுப் போனது. அதற்கு அடுத்த விமானத்தில், நான் வேண்டாமென்று விட்ட அந்த ஐந்து மணி நேர வழியில், துர்கா பூஜை விடுமுறைக் கூட்டம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருக்கிற இன்னொரு கம்பெனியிலும் இடமில்லை. மூன்றாவது கம்பெனி என்று ஒன்று முன்பு இருந்தது, அதைத்தான் விழுங்கிவிட்டார்களே. ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றித் தந்திருப்பதாக அவளுக்குச் செய்தி வந்தது.

அப்போதே அம்மாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஒருநாள்தானே, திங்கள் விடிந்தால் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஞாயிறு பதினோரு மணிக்கு அடுத்த செய்தி: 'செயல்பாட்டுக் காரணங்களால்' அந்த விமானம் ரத்து, திங்கள் மாலைக்கு மாற்றம். செயல்பாடு என்றால் என்ன என்று கேட்க எண்ணை அழுத்தினேன். இயந்திரம் பேசியது. ஒன்றை அழுத்தினேன், நான்கை அழுத்தினேன், மறுபடி முதலுக்கே வந்தது. வாயில் வந்ததையெல்லாம் அந்த இயந்திரத்திடம் கொட்டினேன். "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. ஞாயிறு முழுக்க, கோயிலுக்குக்கூடப் போகாமல், கடையில் உட்கார்ந்து வேறு வழி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவோ வெள்ளைச் சேலை கட்டி, பைபிளும் பையுமாகக் கட்டிலில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் தேடியதெல்லாம் பாப்பாவுக்கு வழி, அம்மாவின் காலைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

திங்கள் காலை மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். அம்மாவுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கட்டுக்கு மேலே, கணுக்கால்வரை கறுத்திருந்தது. "உங்க கம்பெனிக்காரனுங்க சம்பந்தி ஆவறதுக்கு அத்தை காலுதானா கெடச்சுது?" என்றாள் மனைவி. நான் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட ஓடினேன்.

அம்மாவை நாற்காலியில் வைத்து நான்கு பேர் படிமேல் தூக்கினோம். பாதி மயக்கத்திலும், "பாப்பா வந்துட்டாளா?" என்றார். ஜீப் புறப்பட்டதும் பாப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவள் விமான நிலையத்தில் இரண்டு நாளாகத் தரையில் படுத்து எழுந்த குரலோடு ஜெபித்தாள். நான் அம்மா தலையில் கைவைத்தேன், உச்சி கொதித்தது. "ஆண்டவரே, எங்க அம்மாவ" என்று அவள் தொடங்கும்போதே பின்னால் வேறு ஏதோ ஊருக்குப் போகிறவர்களைக் கடைசி முறையாகக் கூப்பிட்டார்கள். அந்த அறிவிப்பு முடிவதற்குள் கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போய்விட்டது. அறிவிப்பைத்தான் மகள் குரல் என்று நினைத்தாரோ என்னவோ, அம்மா "ஆமென்" என்றார். அடிவாரம் வரும்வரை நான் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம், "ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன் இல்லையா? யாருக்காகக் காத்திருந்தீங்க?" என்றார். விமானத்துக்காக என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பாப்பா செவ்வாய் காலை நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, அம்மாவின் சார்ட்டை எடுத்துப் படித்தாள். பிறகு வராந்தாவுக்கு வந்து, "நீ என்னண்ணா பண்ணுவ" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனில் ஒரு செய்தி வந்தது. உங்கள் பயணம் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. போனை அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

கம்பெனியைத் திட்ட எனக்குக் காரணம் நிறைய இருக்கிறது, திட்டிக்கொண்டும் இருக்கிறேன். செலவைக் குறைக்கிறேன் என்று அவர்கள் குறைத்ததெல்லாம் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது கிண்டல் இல்லாமல் சொல்கிறேன். ஆனால் நான்கு சீட் மிச்சம் என்று காட்டிய அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை அமுக்கியது என் விரல்தான்.

இருபத்து மூன்று நாள் கழித்து அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வந்தது சாயங்காலம், ரோட்டில் யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை ஏழேகாலுக்குப் பஸ் வளைவில் திரும்பியது. வீட்டில் விளக்கெரிவதைப் பார்த்திருப்பார் போல, டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அம்மா கட்டிலில் அரைத் தூக்கத்தில் இருந்தார். "வர்றேனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, எழுந்திருக்கக் காலைக் கீழே வைக்கப்போனார். மனைவி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

மேலே பஸ் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சட்டைகூடப் போடாமல் படியேறி ஓடினேன். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரமில்லீங்க, அம்மா மெதுவா வரட்டும். நாங்க நிக்கிறோம்" என்றார்.