சிவப்பு வண்டிக்குள் என் இன்ஜின்

என் சகலப்பாடிமேல் எனக்குப் பொறாமை இருந்தது. இருந்தது என்ன, இன்றைக்கும் இருக்கிறது. பாதிக் கதையில் யாரும் "அட, நீங்களா இப்படி" என்று மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். சிவகிரிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். சுருட்டை முடி. அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்தாலும் ஆள் அழகாக இருப்பான். நான் அப்படி வந்தால் என் மாமியார், "ஐயய்யோ, சளி பிடிக்கப் போவுது" என்று துண்டோடு ஓடி வருவார். போதாக்குறைக்கு அவனிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ரத்தச் சிவப்பு, இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேல்துணியை மடித்துவிட்டால் வானம்தான் கூரை. மலையில் தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. குற்றாலம் கடைத்தெருவில் அது ஊர்ந்து போனால் மங்குஸ்தான் பழம் விற்கிறவர்கள் தராசைத் தூக்கிய கையோடு அப்படியே நிற்பார்கள்.

எனக்கும் கார் இருந்தது. கறுப்பு, நாலு கதவு. கல்யாணத்தின்போது மாமனார் கொடுத்தது. வீரகேரளம்புதூரில் அவருக்கு நெல் வியாபாரம். அந்த வீட்டில் சீராகக் கார் வாங்கியவன் மூத்த மாப்பிள்ளையான நான் ஒருவன்தான். இளையவனிடம் இல்லாதது என்று என்னிடம் இருந்ததும் அந்தப் பெருமை ஒன்றுதான். தென்காசியில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்ததால் வண்டியை வேறொருவர் கை தொட விடமாட்டேன். எத்தனை தடவை சரிபண்ணினாலும் அதன் இன்ஜினுக்குள் டப்பெட் ஒன்று மட்டும் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு ஆடியிலும் மாமனார் குற்றாலத்தில் வீடு பிடித்து மகள்களையும் மாப்பிள்ளைகளையும் அழைப்பார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆடி. எல்லோரும் கூடியிருக்க, அந்தச் சிவப்பு வண்டியை ஒரு லாரி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. செங்கோட்டை மலைப்பாதையில் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாததைப் பார்க்காமல் துரை மாதிரி ஓட்டியிருக்கிறான். இன்ஜின் பிளாக் வெடித்துவிட்டது. ஒட்டவைக்க வழியில்லை, வேறு இன்ஜின்தான் வைக்க வேண்டும் என்று மேலகரத்து மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு ரொம்ப ருசியாக இருந்தது.

அந்த ருசியும் நிலைக்கவில்லை. "மூத்த மாப்ளே, நீங்க சாமான் கடைக்காரர். தோதா ஒரு இன்ஜினைப் பார்த்துக் குடுங்க" என்று மாமனார் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

நான் முதலில் சொன்னது ஜீப் இன்ஜினை. யுத்தகாலத்து ஜீப் ஒன்று தென்காசியில் பிரித்துப்போட்டுக் கிடந்தது. நல்ல முரட்டு இன்ஜின்தான். ஆனால் உயரம் அதிகம். "பானட்ல ஒரு ஓட்டையப் போட்டு மேல தகரம் அடிச்சாச் சரியாப் போவும்" என்றேன். அந்த அழகு வண்டி நெற்றி வீங்கிப் போய் கடைத்தெருவில் வருவதை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவன் சிரித்தான். "அண்ணாச்சி, மூக்குத்தி போடுததுக்கு மூக்கையே அறுக்கச் சொல்லுதீயளே!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

அடுத்தது செங்கோட்டையில் ஒரு கொட்டகைக்குள் கிடந்த கார். என் கறுப்பு வண்டிக்கு அச்சு அசல் ஜோடி. மலைப்பாதையில் உருண்டு உடம்பெல்லாம் நொறுங்கியிருந்தது, இன்ஜின் மட்டும் தப்பியிருந்தது. மெக்கானிக் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கச்சிதமா உக்காரும்" என்றார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓட்டிட்டு வந்தவன் பொழச்சானா?"

பிழைக்கவில்லை. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் எவ்வளவு ஓடியது என்று அப்புறம்தான் கேட்பார்கள்; ராசியான வண்டியா என்றுதான் முதலில் கேட்பார்கள். "ஒரு உசிரக் குடிச்ச இன்ஜின் என் மவ உக்காருத வண்டிக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டார் மாமியார்.

முடிவு கேட்க வந்து சாரலில் குடையோடு நின்றிருந்த மெக்கானிக் அப்போது வாயைத் திறந்தார். "அதே இன்ஜின் இன்னொண்ணு வாசல்லயே நிக்குதே! அண்ணாச்சி வண்டியும் செவப்பு வண்டியும் ஒரே கம்பெனி, ஒரு தாய் வயித்துப் பிள்ளைய. அதக் கழத்தி இதுல வச்சா அப்படியே உக்காந்துக்கிடும்."

எனக்கு அது முதல் நாளே தெரியும். தெரிந்துதான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினேன்.

மாமியார் முகம் விளக்கேற்றியது போல ஆயிற்று. "அது எம்புட்டு ராசியான வண்டி! மூத்தவ பிள்ளையப் பெத்துத் தூக்கிட்டு வந்தது அதுலதான். சின்ன மாப்பிள்ளையப் பேசி முடிக்கப் போனதே அதுலதான!" உண்மைதான். சிவகிரிக்கு ஓட்டிக்கொண்டு போன புண்ணியவான் நான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட வண்டி அது.

மறுநாள் பந்தியில் மாமனார் மெதுவாக ஆரம்பித்தார். "மூத்த மாப்பிள்ளைக்கு மனசிருந்தாத்தான். வற்புறுத்தப்படாது."

முடியாது என்று சொல்ல வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான். "வேண்டாம் மாமா. அண்ணாச்சி அந்த வண்டிய உசிரா வச்சிருக்காவ. நான் மெட்ராஸ்ல சொல்லிவச்சு எடுத்துக்கிடுதேன். மாசக்கணக்கா ஆனாலும் ஆவட்டும்."

"பார்த்தியளா, என்ன குணம்!" என்றார் மாமனார். மாமியார் அவன் இலையில் கேட்காமலே இன்னொரு வடையை வைத்தார்.

எனக்குத் தாங்கவில்லை. கார் அவனுக்கு, முடி அவனுக்கு, இப்போது குணமும் அவனுக்கா? "எடுத்துக்கிடட்டும் மாமா! நமக்குள்ள என்ன?" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றுவிட்டது. எனக்கும் ஒரு வடை வந்தது. சொந்தத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனுக்குக் கிடைத்தது அந்த ஒரு வடைதான்.

"அப்போ அந்தச் செங்கோட்டை இன்ஜின மூத்தவர் வண்டியில வச்சிருவோம்" என்றார் மாமனார், ரொம்பச் சாதாரணமாக.

என் மனைவி வாளியைக் கீழே வைத்தாள். "ஏம்மா, ஒன் சின்ன மவ உக்காருத வண்டிக்கு ஆவாத இன்ஜின், நான் உக்காருத வண்டிக்கு மட்டும் ஆவுமோ?"

மாமியார் ஒரு கணம் விழித்தார். "அதுக்கென்னட்டி, ஒரு பூசணிக்காயச் சுத்தி ஒடச்சாப் போச்சு."

"அந்தப் பூசணிக்காய அங்கனயே ஒடைக்கதுக்கென்ன?"

பாயசம் வந்தது. அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் சொன்ன வாக்கைத் திரும்ப அள்ள முடியாது. அன்று சாயங்காலமே என் வண்டியை மேலகரத்தில் விட்டுவிட்டு மனைவியோடு பஸ்ஸில் தென்காசிக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். சிவப்பு வண்டிக்கு இன்ஜினைக் கொடுத்துவிட்டு என் கறுப்பு வண்டி இன்னும் மேலகரத்தில் பானட்டைத் திறந்துகொண்டு கிடந்தது. செங்கோட்டை இன்ஜினை ஏற்ற மெக்கானிக்குக் கை ஒழியவில்லை. ஒருநாள் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு நடந்தே வந்து, கொல்லைப்புறமாக நுழைந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். நான் வந்தது அடுக்களையில் இருந்த என் மனைவிக்குத் தெரியாது.

தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. டிக் டிக் டிக்.

அவள் கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு ஓடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள், ஒரு செம்புத் தண்ணீரை மொண்டுகொண்டு வாசலுக்கு விரைந்தாள். போகும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு. நான் காரில் வந்து இறங்குகிற நாளெல்லாம் அவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "வந்தாச்சா" என்று செம்பை நீட்டுவாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தெருமுனைக்கும் வாசலுக்கும் நடுவே இத்தனை நடக்கிறது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

வாசலில் நின்றது சிவப்பு வண்டி. உள்கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"என்ன மதினி, வண்டிச் சத்தம் கேட்டே வந்துட்டியளா?" என்றான் அவன். ஒரு பை மங்குஸ்தான் கொண்டுவந்திருந்தான்.

சிரிப்பு அப்படியே நின்றது. "அவியதான் வந்துட்டாவன்னு நெனச்சேன். சத்தத்தக் கேட்டதும் இன்ஜின் மாறினது மறந்து போச்சு" என்றாள்.

அவன் செம்பை வாங்கி, தலையை அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தான். எத்தனையோ தடவை அவன்மேல் வயிறெரிந்திருக்கிறேன். அத்தனையும் அன்றைக்கு எரிந்ததற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உள்ளே வரச் சொன்னதற்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். டிக் டிக் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை என் மனைவி வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு திரும்பினாள். நான் நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனாள்.

"நீங்க எப்ப வந்தீய?"

"இப்பத்தான்" என்றேன்.

"சத்தமே கேக்கலயே" என்றாள்.