ஸ்ரீரங்கத்து ஜெல்லிக்குக் கவர் கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் போனது என் நாத்தனார் மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்காக. விருந்தென்றால் மட்டன் பிரியாணிதான். எனக்கோ உண்ணி கடித்து ஒவ்வாமை வந்ததிலிருந்து ஆடு, மாடு, பன்றி எதுவுமே ஆகாது. தின்றால் நாலைந்து மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்துக்கொள்ளும். எலும்பிலும் தோலிலும் எடுக்கிற ஜெலட்டினும் அதே கதைதான். அதனால் எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் படிக்காமல் நான் வாங்குவதில்லை. நாத்தனாரோ, கறியை ஒதுக்கிவிட்டுச் சோறு மட்டும் சாப்பிடேன் என்கிறார். அட போங்கப்பா என்று கணவரை இழுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பிவிட்டேன். சைவச் சாப்பாட்டு ஊர், ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் பாருங்கள்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ். எனக்கு இலவசம், அவருக்குப் பத்து ரூபாய். இருபது நிமிடத்தில் இறங்கிவிடலாம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு மெஸ்ஸில் இலைச் சாப்பாடு, நூற்றிருபது ரூபாய். வத்தக்குழம்பு அபாரம்.

வெளியே வந்ததும் பக்கத்து மிட்டாய்க் கடையில் ஜாடியிலிருந்த ஜெல்லி மிட்டாயை வாங்கி நீட்டினார் கணவர். ஸ்ரீரங்கம்தானே, சாப்பிடு என்றார். ஒன்று உள்ளே போய்விட்டது. பல்லில் ரப்பர் மாதிரி இழுத்தபோதுதான், ஜெலட்டினாக இருக்குமோ என்று எனக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய்க் கடைக்காரரிடம் அதன் கவரைக் கேட்டேன். ஜாடியில் கொட்டியதும் கவரைத் தூக்கிப் போட்டுவிடுவோம் என்றார்.

"ஸ்ரீரங்கத்துல அதெல்லாம் வருமாம்மா? சுத்த சைவம்."

மாலை ரயிலில் சென்னை போக வேண்டும், நடுவழியில் மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரி கிடையாது, இப்போதே தெரிந்தாக வேண்டும் என்று கெஞ்சினேன். மனிதர் சிரித்தார்.

"ஒரு மிட்டாய்க்கு ஒண்ணும் ஆகாதும்மா. நீங்க ரொம்ப பயப்படுறீங்க."

சொல்லிவிட்டு அடுத்தவருக்கு அதே ஜெல்லியை நிறுத்துப் போட ஆரம்பித்தார். கணவர் வேறு, விடு போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, இதுல மாட்டெலும்பு இருந்தா உங்களுக்குப் பரவாயில்லையாங்க?"

தராசில் கை அப்படியே நின்றது. விறுவிறுவென்று உள்ளே போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, கசங்கிய கவரை எடுத்து வந்தார். வெளிநாட்டுச் சரக்கு. அசைவம் என்று காட்டும் பழுப்பு முக்கோணம், பொடி எழுத்தில் மாட்டு ஜெலட்டின். ஜாடியைத் தூக்கித் தெருவோரம் வைத்தார், கையை இரண்டு முறை கழுவினார். என் தொண்டை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தோம். பயந்தபடியே உடம்பு தடித்தது, மூச்சு இழுத்தது. ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். ரயிலில் இருந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

என்னைப் போன்றவர்கள் ஸ்ரீரங்கம் போனால் மெஸ்ஸில் தாராளமாகச் சாப்பிடுங்கள், நெய்யும் தயிரும் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜாடிச் சரக்கைத் தொடாதீர்கள். கவரைக் கேட்கும்போது உயிர் போகும் என்று சொல்லி மட்டும் கேட்காதீர்கள், அதற்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மாட்டெலும்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கவர் தானாக வரும்.